ஸ்கிம்மர் வாங்கும் முன் இரண்டு வாரம் அளந்து பாருங்கள்

கிருஷ்ணகிரியில் வீட்டுக் கூடத்தில் பவளம் வளர்க்கிறேன் என்று சொன்னால் முதலில் சிரிப்பார்கள். கடல் பார்க்கவே சென்னைக்கோ புதுச்சேரிக்கோ நாலைந்து மணி நேரம் போகவேண்டிய ஊர் இது. சிரித்து முடித்த பிறகு, அவர்கள் வீட்டிலும் ஒரு மேரின் டேங்க், அதாவது கடல் நீர்த் தொட்டி, இருந்தால் (இப்போது தருமபுரி, பாலக்கோடு, ஓசூர் என்று அங்கங்கே ஆள் இருக்கிறார்கள்), அடுத்த கேள்வி தவறாமல் வரும்: "ஸ்கிம்மர் போட்டிருக்கீங்களாண்ணா? போட்டே ஆகணுமா?" ஸ்கிம்மர் என்பது டேங்க் தண்ணீரிலிருந்து அழுக்கை நுரையாக எடுக்கிற மெஷின்.

கடையில் கேட்டால் போட்டே ஆகவேண்டும் என்பார்கள், விற்கிறவர் வேறு என்ன சொல்வார். வெளிநாட்டு வீடியோவைப் பார்த்தால் அதில் ஒருவர் சின்ன டேங்க்தானே, வாரம் பத்து சதவீதம் தண்ணீர் மாற்றினால் தீர்ந்தது, ஸ்கிம்மர் தேவையில்லை என்று அடித்துச் சொல்வார். இரண்டு பேருக்குமே உங்கள் வீட்டுத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. நம் மாவட்டங்களில் இந்தக் கேள்விக்குப் பாதிப் பதில் அங்கேதான் இருக்கிறது. அதனால் நான் யாருக்கும் ஆமாம், இல்லை என்று உடனே சொல்வதில்லை. உங்கள் டேங்க் ஒரு வாரத்தில் எவ்வளவு அழுக்கு சேர்க்கிறது என்று முதலில் அளந்து வாருங்கள், அப்புறம் பேசலாம் என்பேன். எப்படி அளப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அதற்கு முன் ஸ்கிம்மர் என்ன வேலை செய்கிறது என்பதில் தெளிவு வேண்டும். கடத்தூர், பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் வெல்லம் காய்ச்சுவதைப் பார்த்தவர்களுக்கு ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும். கரும்புச்சாறு கொதிக்கும்போது அழுக்கெல்லாம் நுரையோடு மேலே திரண்டு வரும், அதை அரித்து அரித்து வெளியே தள்ளிக்கொண்டே இருப்பார்கள், விட்டால் வெல்லம் கருத்துப்போகும். ஸ்கிம்மரும் நுரை எடுக்கும் வேலைதான் செய்கிறது, கொதிக்க வைப்பதற்குப் பதில் காற்றை ஊதுகிறது, அவ்வளவுதான். மீன் கழிவு, தின்னாமல் விட்ட தீனி, பவளம் விடும் கோழை இவற்றிலிருந்து தண்ணீரில் கரையும் புரதம், கொழுப்பு மாதிரியான பொருள்களுக்கு ஒரு முனை தண்ணீரோடு ஒட்டும், மறு முனை தண்ணீரை விட்டு விலகப் பார்க்கும். பொடிப்பொடியான காற்றுக் குமிழ்கள் கிடைத்தால் அந்த மறுமுனை குமிழில் போய் ஒட்டிக்கொள்ளும். குமிழ் மேலே ஏறி, கழுத்து மாதிரி இருக்கும் குழாயில் நுரையாகத் திரண்டு, மேலே உள்ள கப்பில் போய் விழும். நன்னீரில் குமிழ்கள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து பெரிதாகி உடைந்துவிடும், உப்புத்தண்ணீரில்தான் பொடியாகவே நிற்கும். அதனால் கோல்ட்ஃபிஷ் தொட்டியில் இதை மாட்டிப் பயன் இல்லை.

இதில் பலருக்கு ஒரு குழப்பம் உண்டு. ஸ்கிம்மர் நைட்ரேட்டை எடுக்காது. கரைந்த பாஸ்பேட்டையும் நேராக எடுக்காது. அந்த இரண்டும் குமிழில் ஒட்டுகிற சாதி கிடையாது. அழுக்கு அழுகி அம்மோனியாவாகி, நைட்ரைட்டாகி, நைட்ரேட்டாக மாறுவதற்கு முன்னால் அதில் ஒரு பங்கைத் தூக்கி வெளியே போடுவதுதான் அதன் வேலை. ஒரு பங்கு என்றுதான் சொல்கிறேன். அமெரிக்காவில் பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் கென் ஃபெல்ட்மேன் 2009, 2010 வாக்கில் பல ஸ்கிம்மர்களை வைத்து அளந்து பார்த்தபோது, தண்ணீரில் இருந்த மொத்தக் கரிமப் பொருளில் 20 முதல் 35 சதவீதம் வரைதான் அவை எடுத்தன, விலை கூடியதும் குறைந்ததும் பெரிய வித்தியாசம் காட்டவில்லை. ஆகவே நைட்ரேட் ஏற்கெனவே 60 பிபிஎம்-இல் (லிட்டருக்கு 60 மில்லிகிராம்) நிற்கிற டேங்கில் இன்று ஸ்கிம்மரை மாட்டிவிட்டு நாளை காலை டெஸ்ட் கிட்டோடு உட்காராதீர்கள், அது இறங்கியிருக்காது. இருப்பதை இறக்கத் தண்ணீர் மாற்றவேண்டும், இல்லையென்றால் பாசி வளர்த்து அறுத்தெடுக்க வேண்டும். இனிமேல் ஏறும் வேகத்தைக் குறைப்பது மட்டும்தான் ஸ்கிம்மர்.

அந்த வேகத்தைத்தான் நாம் அளக்கப்போகிறோம்.

டேங்க் போட்டு மூன்று மாதமாவது ஆகியிருக்க வேண்டும், அதற்கு முன்னால் எடுக்கிற எண் எதையும் நம்பமுடியாது. புதுக் கல்லும் மணலும் பாக்டீரியா பிடித்து நிலைக்கிற காலம் அது. மூன்று மாதம் தாண்டிவிட்டதா, சரி, ஒரு ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலத் தண்ணீர் மாற்றுங்கள், மறுநாள் காலை தீனி போடும் முன் நைட்ரேட் பாருங்கள், எழுதி வையுங்கள். அதன் பிறகு இரண்டு வாரம் தண்ணீர் மாற்றக்கூடாது. ஆவியாகிப் போவதற்கு ஈடாக உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள், கண்ணாடியில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு அந்தக் கோட்டிலேயே நீர்மட்டத்தை வையுங்கள், சித்திரை வெயிலில் மூன்றடி டேங்கிலேயே தினம் ஒரு சொம்புக்கு மேல் போய்விடும். தீனி வழக்கம்போல. அளக்கிறோமே என்று குறைத்துப் போட்டு உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்ளாதீர்கள், நான் முதல் தடவை அதைத்தான் செய்தேன். ஏழாம் நாளும் பதினாலாம் நாளும் அதே நேரத்தில், அதே கிட்டில், பகல் வெளிச்சத்தில் நிறம் பாருங்கள். டியூப் லைட்டில் மஞ்சளும் ஆரஞ்சும் ஒன்றாகத் தெரியும். எண் பெரிதாக இருந்தால் நிறங்களைப் பிரிக்க முடியாது, அப்போது டேங்க் தண்ணீர் பாதி, ஆர்.ஓ. தண்ணீர் பாதி கலந்து சோதித்து இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். முதல் எண்ணுக்கும் கடைசி எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதிதான் உங்கள் வாரக் கணக்கு.

இப்போது கணக்கு. வாரம் 4 பிபிஎம் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். வாரம் பத்து சதவீதம் தண்ணீர் மாற்றினால் நைட்ரேட் ஏறி ஏறி எங்கே போய் நிற்கும் தெரியுமா? 40-இல். ஏனென்றால் 40 இருக்கும்போது பத்து சதவீதம் மாற்றினால் 4 குறையும், அந்த வாரத்தில் 4 ஏறும், வரவும் செலவும் சரியாகிவிடும். இருபது சதவீதம் மாற்றினால் 20-இல் நிற்கும், நாற்பது சதவீதம் மாற்றினால்தான் 10-இல் நிற்கும். வார ஏற்றத்தை, மாற்றுகிற பங்கால் வகுத்தால் போதும், வேறு சூத்திரமே வேண்டாம். வாரம் 1 தான் ஏறுகிறது என்றால் பத்து சதவீதத்திலேயே 10-இல் நின்றுவிடும், சாஃப்ட் கோரல் (கல் எலும்பு இல்லாத மெத்தென்ற பவளம்) டேங்குக்கு அது தாராளம்.

இதை நம்மூர் பக்கெட்டுக்குக் கொண்டுவருவோம். மூன்று அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள டேங்கில் கல், மணல் போக 150 லிட்டர் தண்ணீர் இருக்கும் என்று கொள்ளுங்கள். நாற்பது சதவீதம் என்றால் வாரம் 60 லிட்டர். லிட்டருக்குச் சுமார் 37 கிராம் சால்ட் மிக்ஸ் என்று போட்டால் இரண்டு கிலோ இருநூறு கிராம் உப்பு, வாரா வாரம், கூரியரில் வரவழைத்த உப்பு. ஆர்.ஓ. மெஷின் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு மூன்று லிட்டர் கழிவு தள்ளுகிறது என்றால் 60 லிட்டருக்காக 240 லிட்டர் போர் தண்ணீர் ஓடவேண்டும். வைகாசியில் போரில் காற்று வருகிற தெருவில் குடியிருந்துகொண்டு, மீனுக்காக வாரம் 240 லிட்டர் என்று வீட்டில் சொல்லிப் பாருங்கள். மூன்று தெரு தள்ளி லாரித் தண்ணீர் வாங்குகிறவர்கள் இருக்கும்போது எனக்கே வாய் வராது.

ஸ்கிம்மர் போட்ட பிறகு அந்த 4 என்பது 2.5 ஆகிறது என்று வையுங்கள். அதே 10-இல் நிறுத்த இப்போது 25 சதவீதம் போதும், 38 லிட்டர். வாரம் 22 லிட்டர் நல்ல தண்ணீர், கழிவோடு சேர்த்தால் 88 லிட்டர், கூடவே முக்கால் கிலோவுக்கு மேல் உப்பு மிச்சம். இந்த மிச்சத்தின் விலையையும் ஸ்கிம்மரின் விலையையும் கரண்ட் செலவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், எத்தனை மாதத்தில் போட்ட பணம் வருகிறது என்று தெரிந்துவிடும். நல்ல தண்ணீர் குழாயில் கொட்டுகிற ஊர்க்காரருக்கு இந்தக் கணக்கே வராது, அதனால்தான் அவர் தண்ணீர் மாற்றிக்கொள் என்று சுலபமாகச் சொல்கிறார்.

ஒரு விஷயம் மட்டும். இந்தக் கணக்கில் நீங்கள் புதிதாகக் கலக்கும் தண்ணீரில் நைட்ரேட் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். அதையும் ஒருதரம் சோதித்துவிடுங்கள். தோட்டத்துக்கு யூரியா போடுகிற பக்கத்தில் போர் இருந்தால் அதில் நைட்ரேட் இருக்க வாய்ப்பு அதிகம், ஆர்.ஓ. சவ்வும் மற்ற உப்புகளைத் தடுக்கிற அளவுக்கு நைட்ரேட்டைத் தடுக்காது. கலக்கிற தண்ணீரிலேயே 10 இருந்தால் நீங்கள் எத்தனை மாற்றினாலும் 10-க்குக் கீழே போகாது, ஸ்கிம்மர் போட்டாலும் போகாது. அப்படி இருந்தால் ஸ்கிம்மர் பணத்தை எடுத்து ஆர்.ஓ.வுக்குப் பின்னால் மிச்சம் இருக்கிற உப்புகளைப் பிடித்துக்கொள்ளும் ஒரு டி.ஐ. ரெசின் குழாய் மாட்டுங்கள். சமையலறை ஆர்.ஓ.வில் டி.டி.எஸ். கன்ட்ரோலர் என்று ஒரு திருகு இருக்கும், குடிக்க ருசியாக இருக்கட்டும் என்று பச்சைத் தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடும், டேங்குக்குப் பிடிக்கும்போது அதை மூடிவிடுங்கள். கேன் தண்ணீரும் அப்படித்தான், மீட்டர் வைத்துப் பார்க்காமல் ஊற்றாதீர்கள்.

தண்ணீர் என்றதும் நம் பக்கம் எல்லாருக்கும் புளோரைடு ஞாபகம் வரும். தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் அது அதிகம், அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது, 2013-இல் திறந்தார்கள். ஆனால் டேங்குக்கு அது அவ்வளவு பெரிய வில்லன் கிடையாது, கடல் நீரிலேயே லிட்டருக்கு 1.3 மில்லிகிராம் அளவில் புளோரைடு எப்போதும் உண்டு. நம் பாறை ஊர்த் தண்ணீரில் டேங்குக்கு ஆகாதவை கடினத்தன்மை, சிலிகேட், நைட்ரேட். சிலிகேட் இருந்தால் கண்ணாடியில் பழுப்புப் பாசி படியும், அதைப் பார்த்துவிட்டு ஸ்கிம்மர் இல்லாத குறை என்று நினைத்து வாங்கியவர்கள் உண்டு. வாங்கிய பிறகும் பாசி இருந்தது.

ஸ்கிம்மர் வேண்டாதவர்கள்

இரண்டடி டேங்க், 45 லிட்டர் தண்ணீர், ஒரு ஜோடி கிளவுன் மீன், கொஞ்சம் ஜோவாந்தஸ், மஷ்ரூம், ஒரு லெதர் என்று மெத்தென்ற பவளங்கள். இதற்கு வேண்டாம். பத்து சதவீதம் என்பது நாலரை லிட்டர், ஒரு வாளிகூட நிறையாது, கணக்கே தேவையில்லை. அது போக, இந்த சாஃப்ட் கோரல்கள் கொஞ்சம் அழுக்கு இருந்தால்தான் நன்றாக விரியும். தண்ணீரைத் துடைத்து வைத்தமாதிரி ஆக்கினால் சுருங்கிக்கொண்டு நிற்கும்.

இதை ஆரம்பத்தில் நான் நம்பவில்லை. சுத்தம் கூடக் கூட நல்லதுதானே என்று நினைத்தேன். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் இரண்டுமே பூஜ்யத்துக்குப் போனால் பவளத்தின் உடம்பில் இருக்கிற பாசிக்குச் சாப்பாடு இல்லாமல் நிறம் வெளுக்கும், மணல்மேல் மூக்குச்சளி மாதிரி பழுப்பாக, குமிழ் வைத்த டைனோஃப்ளாஜெல்லேட் என்கிற நுண்ணுயிர் படரும், அதை ஒழிப்பது நைட்ரேட்டை இறக்குவதை விடப் பத்து மடங்கு தொல்லை. நைட்ரேட் 2 முதல் 10 வரை, பாஸ்பேட் 0.03 முதல் 0.1 வரை இருந்தால் தொடாதீர்கள். உங்கள் டேங்க் ஸ்கிம்மர் இல்லாமலே அந்த எல்லைக்குள் நிற்கிறதென்றால் அதற்கு ஸ்கிம்மர் வேண்டாம், யார் என்ன சொன்னாலும்.

ஸ்கிம்மர் இல்லாமல் பவளம் நிற்காது என்று சொல்கிறவர்களுக்கு ஒரு பழைய கதை. இந்தோனேசியாவில் ஜகார்த்தாவில் லீ சின் எங் என்று ஒருவர், 1961-லேயே, கடலிலிருந்து எடுத்த உயிருள்ள கல் (பாக்டீரியாவும் சின்ன உயிர்களும் குடியேறிய கல்), கடல் தண்ணீர், வெளிச்சம், லேசாகக் காற்று ஊதுகிற ஒரு குழாய், இதை மட்டும் வைத்துப் பவளம் வளர்ப்பது எப்படி என்று எழுதினார். அவருக்குப் பக்கத்திலேயே கடல் இருந்தது, அது வேறு விஷயம். பிறகு ஜெர்மனியில் பெர்லின்காரர்கள் உயிர்க்கல்லோடு ஸ்கிம்மரைச் சேர்த்து ஒரு முறையைப் பிரபலமாக்கினார்கள், இன்றைக்குக் கடைக்காரர் சொல்கிறதெல்லாம் அதன் வாரிசுதான். இரண்டுமே ஓடியது. பெர்லினில் கடல் இல்லை, நமக்கும் இல்லை, அதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.

உயிர்க்கல் என்றதும் சொல்லவேண்டியது ஒன்று: ராமேஸ்வரம், தூத்துக்குடி பக்கத்திலிருந்து எடுத்தது என்று யாராவது கல்லோ கல் பவளமோ கொடுத்தால் வாங்காதீர்கள். கல் பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலிக்கு உள்ள பாதுகாப்பு அதற்கும் உண்டு. செயற்கையாகச் செய்த காய்ந்த கல் வாங்கி பாக்டீரியா பிடிக்க விடுங்கள், மாதக்கணக்கில் ஆகும், ஆகட்டும்.

சம்ப் (டேங்குக்குக் கீழே வைக்கிற வடிகட்டித் தொட்டி) இருக்கிறவர்கள், ஸ்கிம்மருக்குப் பதில் அதில் ஒரு அறையில் கீட்டோ பாசி போட்டு இரவில் லைட் எரியவிட்டும் பார்க்கலாம். அது நைட்ரேட், பாஸ்பேட் இரண்டையும் நேராகவே தின்னும், ஸ்கிம்மரால் ஆகாத வேலை அது. மாதம் ஒருமுறை பாதியைப் பிடுங்கிப் போட்டால் போதும். தண்ணீர் லேசாக மஞ்சள் தட்டும், ஒரு சின்னப் பையில் கார்பன் போட்டால் போய்விடும்.

வேண்டியவர்கள்

மீன் அதிகம் வைத்திருப்பவர்கள், டேங் (tang) என்கிற மீன் மாதிரி ஓயாமல் தின்று ஓயாமல் கழிக்கிற மீன் வைத்திருப்பவர்கள், தினம் உறைந்த இறால், மைசிஸ் (இறால் மாதிரி ஒரு பொடி உயிர்) போடுபவர்கள்: உங்கள் வார எண் தானாகவே 4, 5 என்று வந்திருக்கும், மேலே சொன்ன கணக்கு பதில் சொல்லிவிடும். திங்கட்கிழமை காலை பெங்களூருக்குக் கிளம்பி வெள்ளி இரவு வீடு திரும்புகிறவர்களும் இதில் சேர்வார்கள். நடுவில் ஒரு மீன் செத்துக் கல்லுக்குப் பின்னால் கிடந்தால் பார்க்க ஆள் இல்லை, அந்த நேரத்தில் ஸ்கிம்மர் கொஞ்சம் தாங்கும்.

இதை விட நான் முக்கியமாக நினைப்பது காற்று. கடல் தண்ணீர் 25 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 6.7 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும், 30 டிகிரியில் 6.2 தான் பிடிக்கும். சூடு ஏற ஏற மீனுக்கு மூச்சு அதிகம் வேண்டும், தண்ணீரில் இருப்பதோ குறைவு. இரவில் லைட் அணைந்ததும் பாசியும் பவளமும் ஆக்சிஜன் விடுவதை நிறுத்தி எடுக்க ஆரம்பிக்கும். தருமபுரி வெயிலில், சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் மெஷின்) இல்லாமல் ஃபேன் காற்றில் ஓடுகிற டேங்கில், விடிகாலை நாலு மணிக்கு மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடுவதைப் பார்த்திருந்தால் நான் சொல்வது புரியும். ஸ்கிம்மர் உள்ளே காற்றையும் தண்ணீரையும் போட்டுக் கடைவதில் ஆக்சிஜன் நன்றாக ஏறும். ஏ.சி. போட்டு ஜன்னலை அடைத்த அறையில் நாலு பேர் தூங்கினால் அறைக் காற்றில் கார்பன் டை ஆக்சைடு ஏறி டேங்கின் பி.எச். இறங்கும், அப்போது ஸ்கிம்மரின் காற்றுக் குழாயை மட்டும் ஜன்னல் வழியாக வெளியே நீட்டிவிட்டால் பி.எச். கொஞ்சம் ஏறுவதைப் பார்க்கலாம்.

வெளியே நீட்டுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மாமரம் பூக்கிற பருவத்தில் நம் பக்கம் தோட்டமெல்லாம் மருந்து அடிப்பார்கள். நகராட்சியிலிருந்து கொசுப்புகை அடிக்க வருவார்கள். அந்த நாளில் குழாயை உள்ளே இழுத்துவிடுங்கள், இல்லையென்றால் ஸ்கிம்மரையே நிறுத்திவிடுங்கள். காற்றை இழுத்துத் தண்ணீரில் கலக்குகிற மெஷின் இது, புகையில் வருகிற பூச்சிமருந்தையும் அப்படியே கலக்கிவிடும். பைரித்ராய்டு வகை மருந்து இறால், நண்டு இனத்துக்குக் கொடிய விஷம். வீட்டுக்குள் கொசுவத்தி, லிக்விட் மெஷின் வைக்கிறவர்களும் டேங்க் இருக்கிற அறையில் வைக்காதீர்கள்.

கரண்ட் விஷயத்தையும் யோசியுங்கள். காற்றுக்காகவே ஸ்கிம்மர் வாங்குகிறேன் என்றால், கரண்ட் போனால் அதுவும் நிற்கும். இன்வெர்ட்டரில் முதலில் ஏறவேண்டியது வேவ்மேக்கரும் (டேங்குக்குள் தண்ணீரை அலையாகத் தள்ளும் மோட்டார்) ஒரு பேட்டரி ஏர் பம்பும்தான், ஸ்கிம்மர் கடைசி. என்னைக் கேட்டால் வாங்குகிற வரிசையே இதுதான்: டி.ஐ.யோடு ஆர்.ஓ., உப்பளவு பார்க்க ரிஃப்ராக்டோமீட்டர், வேவ்மேக்கர், பேட்டரி ஏர் பம்ப், அப்புறம் கையில் காசு இருந்து கணக்கும் கேட்டால் ஸ்கிம்மர்.

வாங்கலாம் என்று முடிவானால்

சம்ப் உள்ளவர்கள் சம்புக்குள் நிற்கிற வகையை வாங்குங்கள். வாங்கும் முன் ஸ்டாண்டின் உயரத்தை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள், ஸ்கிம்மர் உள்ளே போகும், ஆனால் கப்பைத் தூக்கி எடுக்க மேலே இடம் இருக்காது, இந்தத் தப்பைச் செய்தவர்கள் தச்சரைக் கூப்பிட்டுப் பலகையை அறுத்திருக்கிறார்கள். சம்ப் இல்லாதவர்களுக்குப் பின்பக்கக் கண்ணாடியில் தொங்குகிற வகை உண்டு. மரத்தாலான ஏர் ஸ்டோன் போட்டு ஏர் பம்பில் ஓடுகிற சின்ன வகை விலை குறைவு, ஆனால் அந்த மரத்துண்டு ஊறிப்போய்க் குமிழ் பெரிதாகிவிடும், ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும்.

பெட்டிமேல் போட்டிருக்கிற லிட்டர் கணக்கை அப்படியே நம்பாதீர்கள், மீன் அதிகமென்றால் உங்கள் டேங்கை விட ஒன்றரை மடங்கு எழுதியிருப்பதைப் பாருங்கள். அதற்காக மூன்று மடங்கு பெரிதாக வாங்கினால், நுரை திரள்வதற்கு வேண்டிய அழுக்கு உங்கள் டேங்கில் இருக்காது. கழுத்துவரை நுரை ஏறும், கப்பில் விழாது, நீங்கள் தினம் திருகைத் திருகிக்கொண்டிருப்பீர்கள். கூடத்திலேயே படுக்கிற வீடென்றால் கடையிலேயே ஓடவிட்டுச் சத்தம் கேட்டுப் பாருங்கள்.

மாட்டிய முதல் வாரம் ஒழுங்காக ஓடாது. புதுப் பிளாஸ்டிக்கில் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பிசுக்குப் போகும்வரை நுரை சரியாக நிற்காது, ஒருநாள் ஒன்றுமே வராது, ஒருநாள் கப் நிரம்பி வழியும். பொறுத்துக்கொள்ளுங்கள், சும்மா சும்மா மாற்றாதீர்கள். சம்பில் தண்ணீர் மட்டம் ஒரே அளவில் நிற்கவேண்டும், எத்தனை சென்டிமீட்டர் என்று அதன் தாளிலேயே போட்டிருக்கும், பெரும்பாலும் 15-லிருந்து 22-க்குள். மட்டம் ஏறினால் வழியும், இறங்கினால் நுரை வராது. டேங்கில் தீனி போட்டதும் நுரை சட்டென்று உட்கார்ந்துவிடும், தீனியில் உள்ள எண்ணெயால், சில மணி நேரத்தில் தானே வரும். தேங்காயெண்ணெய் தடவிய கையை டேங்குக்குள் விட்டாலும் அதே கதி. சமையலறைக்குப் பக்கத்தில் டேங்க் இருந்தால் தாளிக்கிற புகைகூடத் தண்ணீர்மேல் படலமாகப் படியும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஆர்.ஓ. ரிப்பேராகிக் கிடந்த ஒரு வாரம், ஒகேனக்கல் தண்ணீரைப் பிடித்து, குளோரின் போகட்டும் என்று குளோரின் நீக்கும் மருந்தை அளவுக்குக் கொஞ்சம் கூடவே ஊற்றி, உப்புக் கலந்து மாற்றிவிட்டுப் படுத்துவிட்டேன். அந்த மருந்துகள் ஸ்கிம்மருக்குச் சோப்பு மாதிரி. இரவெல்லாம் நுரை பொங்கி, கப் நிரம்பி, ஸ்டாண்டுக்குள் வழிந்து, எக்ஸ்டென்ஷன் பெட்டிவரை போயிருந்தது. காலையில் ட்ரிப் ஆகி வீடே இருட்டு. பவளத்தைக் கல்லில் ஒட்டுகிற எபாக்ஸி போட்டாலும் இதே கூத்து நடக்கும். இரண்டு நாள் ஸ்கிம்மரை நிறுத்தி வையுங்கள், அல்லது கப்பைக் கழற்றி வைத்துக் காற்றுக்காக மட்டும் ஓடவிடுங்கள். கரண்ட் போய் வரும்போதும் வழியும்: சம்பிலிருந்து டேங்குக்குத் தண்ணீர் ஏற்றும் ரிட்டர்ன் மோட்டார் நின்றதும் மேலே இருக்கிற தண்ணீர் சம்புக்கு இறங்கி மட்டம் ஏறிவிடும், கரண்ட் வந்ததும் ஏறிய மட்டத்தில் ஸ்கிம்மர் ஓட ஆரம்பித்தால் கப்பில் நல்ல தண்ணீரே கொட்டும். கப்பின் அடியில் குழாய் மூக்கு இருந்தால் ஒரு டியூப் மாட்டி ஐந்து லிட்டர் கேனில் விட்டுவிடுங்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டியை ஸ்டாண்டுக்கு வெளியே, உயரத்தில் ஆணியடித்து மாட்டுங்கள், நான் இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

கப்பில் விழுவது ஸ்ட்ராங் டீ நிறத்தில் இருக்கவேண்டும். வெளிறித் தண்ணீராக இருந்தால் நல்ல தண்ணீரையும் உப்பையும் சேர்த்து வெளியே கொட்டுகிறீர்கள், தார் மாதிரி கெட்டியாக இருந்தால் கழுத்திலேயே காய்ந்துபோகிறது. கழுத்தின் உள்பக்கப் பிசுக்கை மூன்று நாளுக்கு ஒருமுறை துடைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும், பிசுக்கு இருந்தால் நுரை ஏறாது. காற்றுக் குழாயின் வாயில் உப்புப் பூத்து அடைக்கும், மாதம் ஒருமுறை ஒரு டம்ளர் வெதுவெதுப்பான ஆர்.ஓ. தண்ணீரை அதை உறிஞ்ச விடுங்கள். மோட்டாரை மூன்று நாலு மாதத்துக்கு ஒருதரம் கழற்றி வினிகர் கலந்த தண்ணீரில் ஊறப்போட்டுக் கழுவுங்கள்.

ஒரு மாதம் நன்றாக ஓடியதும் அதே இரண்டு வார அளவை மறுபடி எடுங்கள். வார எண் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி குறைந்திருந்தால் தண்ணீர் மாற்றும் அளவைக் கணக்குப்படி குறைத்துக்கொள்ளுங்கள். குறையவே இல்லையென்றால் அழுக்கு வேறு எங்கோ இருக்கிறது, மணலுக்குள், கல்லுக்குப் பின்னால், மாற்றாத ஃபில்டர் பஞ்சில். அங்கே பாருங்கள். நைட்ரேட்டே பூஜ்யத்துக்குப் போய்ப் பவளம் வெளுக்க ஆரம்பித்தால் ஸ்கிம்மரைப் பகலில் நிறுத்திவிட்டு இரவில் மட்டும் ஓடவிடுங்கள், காற்று வேண்டிய நேரமும் அதுதான்.

கப்பில் சேர்ந்ததைச் சாக்கடையில் ஊற்றிக் கழுவிவிடுங்கள். உரம் மாதிரி நாறுகிறதே என்று எங்கள் அம்மா ஒரு மாதம் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினார், அதில் இருக்கிற உப்பில் செடி நுனியிலிருந்து கருக ஆரம்பித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரையும் இப்போது செடிக்கு விடுவதில்லை, வீடு துடைக்கவும் பாத்ரூமுக்கும் எடுத்துக்கொள்கிறோம்.